ஃபவுஸ்ட் ஏன் நரகத்துக்குப் போகவில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் ஃபவுஸ்ட் என்ற பேராசிரியன் சாத்தானோடு இரத்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் செய்கிறான். கிரெட்சன் என்ற பெண்ணையும் அவள் குடும்பத்தையும் அழிக்கிறான். அப்படியிருந்தும் கடைசியில் வானதூதர்கள் வந்து அவன் ஆன்மாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒப்பந்தத்தில் ஏதாவது ஓட்டை இருந்ததா, இப்படி முடிகிற கதைக்கு எப்படித் துன்பியல் நாடகம் என்று பெயர் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது ஒப்பந்தம் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நடந்ததற்கு யார் பொறுப்பு, இவன் மட்டும் எப்படித் தப்பலாம் என்பதுதான் உண்மையான கேள்வி. இருபது வருடத்துக்கு மேல் ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்தவன் நான். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களோடு உட்கார்ந்து இந்த நாடகத்தைப் பலமுறை வரி வரியாகப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் இதே கேள்வியைக் கோபத்தோடு கேட்பார். அந்தக் கோபம் நியாயமானது. அது தணியாமலேயே நாடகத்தைப் படித்து முடிக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. 'ஆன்மாவை விற்றான்' என்ற பேச்சு பழைய கதையிலிருந்து வந்தது. ஃபவுஸ்ட் என்று ஒருவர் உண்மையிலேயே ஜெர்மனியில் இருந்தார். 1480-ஐ ஒட்டிப் பிறந்து 1540 வாக்கில் இறந்தவர். சோதிடம், மாயவித்தை என்று ஊர் ஊராகச் சுற்றியவர். அவர் இறந்த பிறகு கதைகள் பெருகின. 1587-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் யோஹான் ஷ்பீஸ் என்ற அச்சகக்காரர் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் கணக்கு நேரடியானது: 24 வருடம் சாத்தான் ஊழியம் செய்வான், கெடு முடிந்ததும் ஆன்மா அவனுக்கு. ஆங்கிலத்தில் மார்லோ எழுதிய நாடகத்திலும் அதே 24 வருடம், முடிவில் அதே நரகம். அந்தக் கதைகளில் நடப்பது விற்பனைதான். கோத்தே சிறுவயதிலேயே இந்தக் கதையைப் பொம்மலாட்டம் வழியாக அறிந்தவர். பழைய கணக்கு என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தே அதை மாற்றினார். அவருடைய நாடகத்தில் சாத்தானாக வரும் மெஃபிஸ்டோஃபிலிஸ் முதலில் பழைய பேரத்தைத்தான் முன்வைக்கிறான்: இங்கே நான் உனக்கு வேலை செய்கிறேன், அங்கே நீ எனக்கு வேலை செய். ஃபவுஸ்ட் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. 'அந்தப் பக்கத்தைப்' பற்றி எனக்குக் கவலையில்லை என்கிறான். பிறகு அவனாகவே வேறொன்றைச் சொல்கிறான்: நான் என்றைக்காவது திருப்தியாகச் சோம்பல் படுக்கையில் சாய்ந்தால் அன்றே என் கதை முடியட்டும், நீ முகஸ்துதியால் என்னை ஏமாற்றி எனக்கே என்னைப் பிடிக்கும்படி செய்தால், இன்பத்தால் என்னை மயக்கினால், அதுவே என் கடைசி நாள், இது நான் வைக்கும் பந்தயம். 'சரி' என்று சாத்தான் கையைக் கொடுக்கிறான். அடுத்து வருவதுதான் புகழ்பெற்ற வரி. ஓடும் ஒரு கணத்தைப் பார்த்து 'சற்றே நில், நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய்' என்று நான் சொல்லிவிட்டால், என்னை விலங்கிட்டுக் கொண்டுபோ. இதற்கெல்லாம் பிறகுதான் இரத்தக் கையெழுத்து வருகிறது. ஃபவுஸ்ட் அதைக் கேலிக்கூத்து என்று நினைத்துக்கொண்டேதான் போடுகிறான். ஆக, இது பந்தயம். விற்பனையில் கெடு வந்தால் சரக்கைக் கொடுத்தே தீர வேண்டும். பந்தயத்தில் யார் வென்றார் என்ற கேள்வி இருக்கிறது.

யார் வென்றார்? இங்கேதான் ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இருநூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசி அங்கத்தில் ஃபவுஸ்ட் 100 வயதுக் கிழவன், பார்வை இழந்தவன். கடலைத் தள்ளி நிலம் மீட்கும் பெரிய வேலை நடத்துகிறான். மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. கால்வாய் வெட்டுகிறார்கள் என்று மகிழ்கிறான். உண்மையில் மெஃபிஸ்டோவின் ஆட்கள் அவனுக்கே குழி வெட்டுகிறார்கள். சுதந்திரமான மண்ணில் சுதந்திரமான மக்களோடு நிற்கும் நாளைக் கற்பனை செய்து அந்த வரியைச் சொல்கிறான்: 'சற்றே நில், நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய்.' சொல்லி முடித்ததும் விழுந்து சாகிறான். சொன்னானே, அப்படியானால் தோற்றான் என்று தோன்றும். மூலத்தில் உள்ள வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். 'சொல்கிறேன்' என்று அவன் சொல்லவில்லை. அப்படி ஒரு கூட்டத்தைக் கண்டால் அந்தக் கணத்திடம் 'சொல்லலாம்' என்கிறான். நடக்காத ஒன்றைப் பற்றிப் பேசும் வினைவடிவம் அது. பல மொழிபெயர்ப்புகளில் இந்த நுணுக்கம் காணாமல் போகிறது. ஆனால் இரண்டு வரி தள்ளி அவனே, அந்தப் பேரின்பத்தை முன்கூட்டியே உணர்ந்து 'இப்போது' உச்சமான கணத்தை அனுபவிக்கிறேன் என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறான். அதனால் இலக்கணத்தை மட்டும் வைத்து ஃபவுஸ்ட்டை விடுவிக்க முடியாது. மறுபக்கம், பிணத்தின் அருகே நின்று மெஃபிஸ்டோ சொல்வதையும் கேளுங்கள்: எந்த இன்பமும் இவனுக்குத் திகட்டவில்லை, எந்தச் சுகமும் போதவில்லை; கடைசியில் வந்த மட்டமான வெற்றுக் கணத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தான், பாவம். எதிராளியே இவனைத் திருப்திப்படுத்த முடியவில்லை என்று ஒத்துக்கொள்கிறான்.

கோத்தே தாமே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1820 நவம்பரில் ஷூபார்ட் என்ற எழுத்தாளருக்கு அனுப்பிய கடிதத்தில், மெஃபிஸ்டோஃபிலிஸ் பந்தயத்தைப் பாதிதான் ஜெயிக்கலாம், மீதிப் பாதிப் பழி ஃபவுஸ்ட் மேல் நிற்கும்போது அந்த வயதான ஆண்டவரின் மன்னிக்கும் உரிமை உள்ளே வரும் என்கிறார். அவர் பயன்படுத்திய சொல் சட்டத்துறைச் சொல். குற்றம் உறுதியானபின் அரசர் அளிக்கும் தண்டனை மன்னிப்புக்கு உரியது. கோத்தே சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர், அந்தச் சொல்லை விளையாட்டாகப் போட்டிருக்க மாட்டார். பழி இல்லாதவனுக்கு மன்னிப்பு எதற்கு? அப்படியானால் ஓட்டை எதுவும் இல்லை. குற்றம் குற்றமாகவே நிற்கிறது. மேலேயிருந்து மன்னிப்பு வருகிறது. நாடகத்துக்குள்ளும் தீர்ப்பு சொல்லும் நீதிமன்றம் கிடையாது. வானதூதர்கள் ரோஜாப்பூக்களைத் தூவிக்கொண்டு வந்து ஆன்மாவை எடுத்துப் போகிறார்கள், மெஃபிஸ்டோ என் உரிமையை யாரிடம் போய்க் கேட்பேன் என்று புலம்புகிறான். எடுத்துப் போகும் தூதர்கள் சொல்லும் காரணம், ஓயாமல் முயன்றுகொண்டே இருப்பவனை எங்களால் மீட்க முடியும் என்பது. இதைப் பலர் 'முயற்சி செய்தால் மோட்சம்' என்று படித்துவிடுகிறார்கள். 'மீட்க முடியும்' என்றுதான் இருக்கிறது, 'மீட்டே தீருவோம்' என்று இல்லை. 1831 ஜூனில் தம் உதவியாளர் எக்கர்மனிடம் பேசும்போது கோத்தே இதையே விளக்கினார்: இவன் பக்கத்திலிருந்து ஓயாத செயல், மேலேயிருந்து உதவிக்கு வரும் அன்பு, இரண்டும் சேர வேண்டும், சொந்த பலத்தால் மட்டும் யாரும் மீட்கப்படுவதில்லை என்றார்.

இதுவரை சொன்னது உங்கள் கேள்வியின் மேல்பகுதிக்குத்தான் பதில். அந்த அன்பு யாருடையது என்று பார்க்க நாம் கிரெட்சனிடம் போக வேண்டும். என் வகுப்புகளில் அதிக நேரம் செலவானதும் அங்கேதான்.

மார்கரெட்டே என்ற பெயரின் செல்லச் சுருக்கம் கிரெட்சன். ஃபவுஸ்ட் அவளை முதலில் தெருவில் பார்க்கிறான், பாவசங்கீர்த்தனம் முடித்துத் திரும்பி வருகிறாள். அவள்மேல் எனக்கு அதிகாரமில்லை, அவள் குற்றமற்றவள் என்று மெஃபிஸ்டோவே சொல்கிறான். 14 வயது தாண்டியவள்தானே என்று பதில் சொல்பவன் ஃபவுஸ்ட். இந்த இடத்தில் சாத்தானை விட மனிதன் முந்திக்கொண்டு போகிறான். பிறகு அலமாரியில் நகைப்பெட்டி வருகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் சந்திப்பதற்காக, மூன்றே சொட்டு போதும் என்று ஃபவுஸ்ட் தன் கையால் ஒரு தூக்க மருந்தைக் கொடுக்கிறான். அம்மா எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் வாலன்டினை ஃபவுஸ்ட் வாளால் குத்திக் கொல்கிறான். கர்ப்பமான கிரெட்சனை விட்டுவிட்டு, புரோக்கன் மலையில் சூனியக்காரிகளின் இரவுக் கூத்துக்குப் போய்விடுகிறான். அவள் குழந்தையைப் பெற்று, குளத்தில் மூழ்கடித்து, மரண தண்டனைக்காகச் சிறையில் கிடக்கிறாள். செய்தி தெரிந்து ஃபவுஸ்ட் கத்தும்போது மெஃபிஸ்டோ சொல்வது: 'இவள் முதல் ஆள் இல்லை.' ஃபவுஸ்ட் சாபம் போடுகிறான். அப்போது மெஃபிஸ்டோ திருப்பிக் கேட்கும் கேள்விக்கு இந்த நாடகத்தில் எங்கும் பதில் கிடையாது: 'அவளை நாசத்தில் தள்ளியது யார்? நானா, நீயா?'

சிறைக் காட்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஃபவுஸ்ட் சாவியோடு வருகிறான், கதவு திறந்திருக்கிறது, வெளியே குதிரைகள் தயார். அவள் புத்தி பேதலித்துப் பேசுகிறாள், ஆனால் அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட வீண் இல்லை. ஓடு, குழந்தையைக் காப்பாற்று, ஓடையோரமாக மேலே போ, பாலத்தைத் தாண்டிக் காட்டுக்குள், இடது பக்கம் பலகை இருக்கும் இடத்தில், குளத்தில், இன்னும் கையைக் காலை உதைக்கிறது என்கிறாள். பிறகு கல்லறைகளுக்கு இடம் சொல்கிறாள். அம்மாவுக்கு நல்ல இடம் கொடு, அண்ணனை அவளுக்கு அடுத்து வை, என்னைக் கொஞ்சம் தள்ளி வை, ரொம்பத் தள்ளி வைத்துவிடாதே, குழந்தையை என் வலது மார்பில் படுக்க வை. இதை வகுப்பில் சத்தமாகப் படிக்கும்போது பலமுறை எனக்குக் குரல் அடைத்திருக்கிறது. மெஃபிஸ்டோ வாசலில் தெரிந்ததும் அவள் ஃபவுஸ்ட்டோடு போக மறுத்து, பிதாவே நான் உன்னுடையவள், என்னைக் காப்பாற்று என்கிறாள். திறந்திருந்த கதவு வழியாக அவள் போயிருக்கலாம். போகவில்லை. 'இவள் தீர்ப்புப் பெற்றுவிட்டாள்' என்கிறான் மெஃபிஸ்டோ. மேலேயிருந்து ஒரு குரல், 'காப்பாற்றப்பட்டாள்' என்கிறது.

இந்தக் குரலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1772 ஜனவரி 14 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் சுசன்னா மார்கரெட்டா பிராண்ட் என்ற சத்திரத்துப் பணிப்பெண், தன் குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டாள். கோத்தே அப்போது 22 வயது இளம் வழக்கறிஞர், அதே ஊரில் இருந்தார். அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் கிரெட்சன் காட்சிகளை எழுதினார். அந்த முதல் வடிவத்தை வைமர் அரசவைப் பெண்மணி லூயிசே ஃபொன் கோஷ்ஹவுசன் நகலெடுத்து வைத்திருந்தார், அது 1887-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அதில் சிறைக் காட்சி உரைநடையில் இருக்கிறது, அந்த மேலுலகக் குரல் இல்லை. 'தீர்ப்புப் பெற்றுவிட்டாள்' என்பதோடு கதவு அடைபடுகிறது. 1790-இல் கோத்தே அச்சிட்ட பகுதிப் பதிப்பிலோ சிறைக் காட்சியே கிடையாது. 1808-இல் முதல் பாகம் முழுமையாக வெளிவரும்போதுதான் 'காப்பாற்றப்பட்டாள்' என்ற குரல் நமக்குக் கேட்கிறது.

நடுவில் ஒன்று நடந்தது. 1783-இல் வைமரில் இன்னொரு பணிப்பெண் தன் குழந்தையைக் கொன்றதாக வழக்கு வந்தது. சிசுக்கொலைக்கு மரண தண்டனை தொடர வேண்டுமா என்று கோமகன் கார்ல் ஆகுஸ்ட் தம் ஆலோசகர்களைக் கேட்டார். ஆலோசனைக் குழுவில் இருந்த கோத்தே, தண்டனை நீடிக்கட்டும் என்ற மற்றவர்களின் கருத்தோடு தாமும் உடன்படுவதாக எழுதிக்கொடுத்தார். அந்தப் பெண் கொல்லப்பட்டாள். கிரெட்சனின் சிறைக் காட்சியை எழுதிய அதே கை இதையும் எழுதியது. இவ்வளவும் ஆவணத்தில் உள்ளது. பிற்பாடு அவர் சேர்த்த அந்தக் குரலில் 1783-இன் உறுத்தல் இருக்கிறதா? இருக்கிறது என்று என் மனது சொல்கிறது, ஆனால் அது என் ஊகம் மட்டும்தான். உரைநடையைச் செய்யுளாக மாற்றியபோது முழுத் திட்டத்துக்குப் பொருந்தவே குரலைச் சேர்த்தார் என்று சொல்பவர்களை என்னால் மறுக்க முடியாது.

துன்பியல் என்ற பெயர் ஏன் என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 'ஒரு துன்பியல்' என்று தலைப்பிலேயே எழுதிவைத்தவர் கோத்தே. அது ஃபவுஸ்ட்டின் முடிவை வைத்து இட்ட பெயர் என்று நான் நினைக்கவில்லை. அவன் நடந்துபோன வழியெல்லாம் கிடப்பவர்களைப் பாருங்கள். முதல் பாகத்தில் ஒரு வீடு முழுதும் அழிகிறது. இரண்டாம் பாகத்தின் முடிவில் ஃபிலெமோன், பௌகிஸ் என்ற வயதான தம்பதி வருகிறார்கள். அவர்களுடைய குடிசையும் லிண்டன் மரங்களும் சிறு கோயிலின் மணியோசையும் ஃபவுஸ்ட்டின் கண்ணை உறுத்துகின்றன. அவர்களை இடம் மாற்று என்று மெஃபிஸ்டோவிடம் சொல்கிறான். குடிசை எரிகிறது, இருவரும் செத்துப்போகிறார்கள், விருந்தாளியாக வந்திருந்த வழிப்போக்கனும் சாகிறான். நான் மாற்றிக்கொடுக்கத்தான் சொன்னேன், கொள்ளையடிக்கச் சொல்லவில்லை என்கிறான் ஃபவுஸ்ட். கிரெட்சன் காலத்தில் 'நானா, நீயா' என்று மெஃபிஸ்டோவாவது கேட்டான், இப்போது அந்தக் கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை. ஓயாத முயற்சி என்பதைக் கோத்தே வெறும் புகழ்ச்சியாக எழுதவில்லை என்பதற்கு எனக்கு இந்தக் காட்சி போதும். முதல் பாகத்தின் தொடக்கத்தில் சொர்க்கத்தில் ஆண்டவர் சொல்வதும் இதுதான்: முயலும் காலமெல்லாம் மனிதன் தவறுவான். அந்தக் காட்சி விவிலியத்தின் யோபு ஆகமத்தைத் தழுவியது. அதற்கு முன்னால் நாடக அரங்கில் இயக்குநரும் கவிஞரும் பேசிக்கொள்ளும் ஒரு முன்காட்சி உண்டு. 1791-இல் ஜெர்மனில் வந்த காளிதாசரின் சாகுந்தலத்தைப் படித்து வியந்த கோத்தே, அதன் முன்னுரைக் காட்சியைப் பார்த்துத்தான் இதை அமைத்தார் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நம் வாசகர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

சரி, அவனை யார் காப்பாற்றுகிறார்கள்? கடைசிக் காட்சியில் ஃபவுஸ்ட் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. 12,111 வரி கொண்ட நாடகத்தில் அவ்வளவு பேசியவன், இறந்தபின் முழு மௌனம். அவனுக்காகப் பேசுகிறவள், பாவமன்னிப்பு வேண்டும் பெண்களில் ஒருத்தி. 'முன்பு கிரெட்சன் எனப்பட்டவள்' என்று மேடைக்குறிப்பு சொல்கிறது. முதல் பாகத்தில், கர்ப்பமாக இருக்கும்போது, மதில் சுவரில் இருந்த மாதா சிலைக்கு முன்னால் அவள் பூ வைத்து வேண்டியிருந்தாள்: துயரம் நிறைந்தவளே, உன் முகத்தை என் தவிப்பின் பக்கம் கருணையோடு திருப்பு. இப்போது அதே சந்தத்தில், அதே வினைச்சொல்லில் வேண்டுகிறாள்: ஒப்பில்லாதவளே, ஒளி நிறைந்தவளே, உன் முகத்தை என் மகிழ்ச்சியின் பக்கம் கருணையோடு திருப்பு. 'தவிப்பு' இருந்த இடத்தில் 'மகிழ்ச்சி' வந்திருக்கிறது. நான் தமிழில் தருவது பொருளை மட்டும்தான். அந்த ஓசை ஒன்றை ஒன்று கூப்பிடுவதை என்னால் கொண்டுவர முடியவில்லை. பிறகு அவள் கேட்பது: புது நாளின் வெளிச்சம் இவன் கண்ணைக் கூசச் செய்கிறது, இவனுக்குக் கற்றுக்கொடுக்க என்னை அனுமதி. நாடகத்தின் தொடக்கத்தில், பத்து வருடமாக மாணவர்களை மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சலித்துக்கொண்ட பேராசிரியருக்கு இவள் ஆசிரியை ஆகிறாள். மாதா அவளிடம், நீ மேலே ஏறு, உன்னை உணர்ந்தால் அவன் பின்னால் வருவான் என்கிறாள்.

இது நியாயமா என்று கேட்டீர்கள் என்றால், என்னிடம் ஒரே பதில் இல்லை. கெடுக்கப்பட்ட பெண்ணே கெடுத்தவனுக்காக மன்றாட வேண்டுமா, அவளுக்கு அந்தச் சுமை எதற்கு என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டார். அவர் கேட்டது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். அதே சமயம், மன்னிக்கும் தகுதி நாடகத்தில் வேறு யாருக்கும் இல்லை என்பதும் உண்மை. தூதர்களுக்கும் ஆண்டவருக்கும் ஃபவுஸ்ட் தீங்கு செய்யவில்லை, அவளுக்குத்தான் செய்தான். அந்த இடத்தில் அவளைத் தவிர வேறு யாரை நிறுத்தியிருந்தாலும் எனக்கு அது மோசடியாகத் தோன்றியிருக்கும். ஃபிலெமோனும் பௌகிஸும் அந்தக் காட்சியில் வருவதில்லை என்பது மட்டும் இன்னும் எனக்கு ஆறவில்லை.

முழுவதும் படிக்க நேரம் இல்லை என்றால், முதல் பாகத்தில் மதில் சுவர் வேண்டுதலையும் சிறைக் காட்சியையும், இரண்டாம் பாகத்தின் ஐந்தாம் அங்கத்தையும் மட்டும் படியுங்கள். இரண்டு வேண்டுதல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மன் தெரியாவிட்டாலும் தெரிந்த யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒருமுறை கேளுங்கள். இரண்டும் ஒரே பெண்ணின் குரல் என்று காதுக்கே தெரிந்துவிடும்.